மணி ஊமையான மூன்று நாள்

வாடிப்பட்டியிலிருந்து சிறுமலையைப் பார்த்து அரைமணி நேரம் நடந்தால் வாய்க்கால் தண்ணீர் ஏறாத ஒரு மேட்டுக்காடு வரும். அந்த மேட்டில் ஒரு கிணறு. இரண்டு பக்கமும் கமலை இறைக்க வாரி உண்டு. மாடுகள் முன்னும் பின்னும் நடக்கிற சரிவைத்தான் வாரி என்பார்கள். அவை வடம் என்கிற கயிற்றில் கட்டி மேலே இழுக்கிற பெரிய வாளிதான் சால். தெற்கு வாரி கன்னியர் மடத்துக்கு, வடக்கு வாரி நல்லகாமனுக்கு. நல்லகாமனின் சித்தப்பா மகன் தன் பங்கை மடத்துக்கு விற்றபோது எழுதின பத்திரத்தில் கிணறு ஆளுக்குச் சரிபாதி என்று இருந்தது. எழுதிய புண்ணியவான், தண்ணீரைச் சரிபாதியாகப் பிரிப்பது எப்படி என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டான்.

இது வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி. மடத்தில் எட்டுக் கன்னியாஸ்திரீகள், முப்பது அனாதைப் பெண்பிள்ளைகள், நாலு பசு, ஒரு ஜோடி உழவு மாடு. அத்தனை வாய்க்கும் அந்தத் தோட்டம்தான். கத்தரி, வெண்டை, கீரை, நாலு வரிசை வாழை. தோட்டத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் அமலோற்பவம். திண்டுக்கல் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். முக்காட்டுக்கு மேலே ஒரு பனையோலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகி அவர் மண்வெட்டி பிடிப்பதை ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நொண்டிய மாட்டின் குளம்பைப் பார்த்து முள் இருக்கிற இடத்தை அவர் சொன்ன பிறகு, வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு யோசனை கேட்க வந்தார்கள்.

முற்பகல் தண்ணீர் மடத்துக்கு, உச்சிக்கு மேல் நல்லகாமனுக்கு என்று வாய்ப்பேச்சில் முடிவாயிற்று. வம்பு அந்த உச்சியில்தான் இருந்தது. மடத்து உழவுக்காரன் சூசை தன் நிழலைக் காலடியில் பார்த்து உச்சி என்பான். நல்லகாமன் கிணற்றுத் தூண் நிழலைப் பார்த்து உச்சி என்பான். இரண்டு உச்சிக்கும் நடுவே முப்பது சால் தண்ணீர் இருக்கும். கார்த்திகை மாதம் ஒருநாள் வாய் முற்றிக் கை நீண்டது. சூசைக்கு நெற்றியில் ரத்தம், நல்லகாமனுக்கு முழங்கை பிசகியது. ஊர் கூடியது.

கூட்டத்துக்கு சிஸ்டர் அமலோற்பவம் குடை பிடித்து வந்தார். இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு சொன்னார்.

"எங்க கோயில்ல தெனம் காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு நேரம் மணி அடிக்கிறோம். மத்தியான மணி அடிச்சா சூசை மாட்டை அவுத்துரணும். நல்லகாமன் பூட்டிக்கிடணும். மணி மனுசர் முகம் பாத்து அடிக்காது. சரிதானா?"

எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. சூசை கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தமிட்டுச் சத்தியம் செய்தான். நல்லகாமன் சும்மா விடுவானா? சோணைக்கருப்பு கோயில் வாசலுக்கு ஊரையே இழுத்துக்கொண்டு போய், சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

"மடத்து மணி அடிக்காம எம்மாட்டை வடத்துல பூட்ட மாட்டேன். அந்தத் தண்ணிய என் கையால எறைக்க மாட்டேன். இது கருப்பு மேல சத்தியம்."

அன்றோடு சண்டை தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. நல்லகாமனும் சூசையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. இவன் வருவதைக் கண்டால் அவன் மாட்டின் வாலைப் பார்ப்பான். அது அவர்களுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

தை மாதம் நல்லகாமன் முக்கால் குறுக்கத்தில் கேப்பை நட்டான். அவனுக்கு இருந்த நிலமே அவ்வளவுதான். கேப்பை நன்றாகத்தான் வந்தது. பங்குனிக் கடைசியில் கதிர் வாங்கி, விரல் விரலாக விரிந்து, பால் பிடிக்கிற பதத்தில் நின்றது. அந்தப் பதத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் கதிர் பொக்காகிவிடும், கையில் உமிதான் மிஞ்சும். நேரம் பார்த்து சாலின் அடியில் தண்ணீரைக் கொட்டுகிற தோல் வால் கிழிந்தது. வாடிப்பட்டிக்குச் சுமந்துபோய்த் தைத்து வாங்கிவர மூன்று நாளாயிற்று. புதன்கிழமை சாயங்காலம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, கேப்பைத் தாள் நுனி சுருள ஆரம்பித்திருந்தது. மேட்டுக்காட்டுச் செம்மண். காலையில் விட்ட தண்ணீரை மறுநாள் காலையில் தேட வேண்டிய மண்.

"நாளைக்கு உச்சிக்கு மணி அடிச்சதும் பூட்டிருவேன்" என்றான் பெண்டாட்டி அன்னக்கொடியிடம். "நாளைக்குப் பாதி, மறுநா பாதி. தப்பிச்சுக்கிடும்."

"தப்பிக்கணும்" என்றாள் அவள். அவள் பார்வை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் காளையின் மேல் இருந்தது.

காளை மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஆட்களுக்குக் கங்காணி. ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. திங்கட்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறான். தங்கச்சி புருசனையும் கூப்பிட்டிருந்தான். "கேப்பை தேறலேன்னா வாரேன் மச்சான்" என்று நல்லகாமன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்த வாக்கைத்தான் அன்னக்கொடியால் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அதே மலையில் மூன்று வருசம் இருந்தவர்கள்தான். போகும்போது இரண்டு பேர். அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்து மூன்று பேரானார்கள். திரும்பி வரும்போது மறுபடியும் இரண்டு பேர். மலைக்காய்ச்சலில் போன பிள்ளையை, கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிவில் புதைத்துவிட்டு, அந்த மண்ணில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு இறங்கியவள் அவள். ஆகையால் அந்த முக்கால் குறுக்கத்துக் கேப்பை அவளுக்கு வெறும் கேப்பை இல்லை.

வியாழக்கிழமை காலையில் மடத்து மணி அடித்தது. வழக்கமான அடி இல்லை. கோயிலுக்குள்ளே சின்ன மணிகளும் மேலே பெரிய மணியும் சேர்ந்து, யாருக்கோ கல்யாணம் மாதிரி, வாரி வாரி அடித்தது. பிறகு நின்றது.

"என்னாத்துக்கு இம்புட்டு அடி?" என்றான் நல்லகாமன்.

"பெரிய சாமியாரு மருதையிலருந்து வந்துருக்காராம். அதுக்கா இருக்கும்" என்றாள் அன்னக்கொடி.

அன்று சூசை தெற்கு வாரிக்கு வரவே இல்லை. அதுவும் நல்லகாமனுக்குப் புதிராக இருந்தது. உச்சி நெருங்கியதும் மாட்டை ஓட்டிப்போய் வடக்கு வாரியில் நிறுத்தினான். சாலைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, வடத்தை நுகத்தில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தூண் நிழல் கல்லைத் தொட்டது. மணி அடிக்கவில்லை. நிழல் கல்லைத் தாண்டியது. அடிக்கவில்லை. மடத்துப் பக்கமிருந்து டக டக டக என்று மரத்தில் மரம் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு சோளக்காட்டுல கிளி வெரட்டுறது?" என்றாள் கஞ்சி கொண்டுவந்த அன்னக்கொடி.

"இந்தப் பங்குனியில சோளம் ஏதுடி?" அவன் எட்டிப் பார்த்தான். மடத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக, கையில் ஒரு மரப்பலகையைத் தட்டிக்கொண்டு சூசை நடந்து போய்க்கொண்டிருந்தான். நல்லகாமன் முகம் கறுத்தது. "பாத்தியா? மணிய நிப்பாட்டிட்டு என்னையக் கிளி வெரட்டுற மாதிரி வெரட்டுறான். இது அவன் வேலதான்."

"போயிக் கேளேன்யா."

"அவன்கிட்டயா? நானா? நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாவேன்."

நிழல் நீண்டது. கஞ்சி ஆறியது. மாடுகள் நின்றபடியே அசைபோட்டன. மேற்கே வெயில் சாய்ந்தும் மணி இல்லை. சாயங்கால மணியும் இல்லை. சாலை வெறுமனே தூக்கி வெளியே வைத்துவிட்டு, மாட்டை வெறுமனே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று இரண்டு பேரும் இறைக்காததால் கிணற்றில் தண்ணீர் இரண்டு படிக்கட்டு ஏறியிருந்தது.

இதைத்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தால் அது விதி என்று படுத்துக்கொள்ளலாம். கண்ணெதிரே கிணறு நிறைந்து வர, பக்கத்தில் பயிர் காய்வதை எந்தச் சம்சாரியால் பார்க்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை மணியும் இல்லை. அன்னக்கொடிக்குப் பொறுக்கவில்லை. புருசனுக்குத் தெரியாமல் மடத்துக்கு நடந்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்தவள் திடுக்கிட்டாள். முற்றத்து மாதா சிலை தலைமுதல் கால்வரை ஊதாத் துணி போர்த்திக் கிடந்தது. கோயிலுக்குள்ளே எந்தச் சாமிக்கும் முகம் தெரியவில்லை. பிள்ளைகள் சத்தம் இல்லை. அடுப்பில் புகை இல்லை. வாசல் காக்கிற வயதான சிஸ்டர் அவளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது.

அன்னக்கொடி பின்பக்கமாக நெல் குத்துகிற கொட்டிலுக்கு ஓடினாள். அங்கே சோணையம்மாள் இருந்தாள். வேதக்காரி இல்லை, கருப்பைக் கும்பிடுகிற நம் பக்கத்து ஆள்தான். மடத்துக்கு நெல் குத்தி ஏழெட்டு வருசமாகிறது. இன்று உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏக்கா, மடத்துல யாரு செத்துட்டாக?"

சோணையம்மாள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவுக சாமி."

"சாமியா?"

"ஆமா. நேத்து ராத்திரி பிடிச்சுட்டுப் போயிட்டாக. இன்னைக்கு மூணு மணிக்கு உசுரு போயிரும். அதான் அம்புட்டுப் பேரும் ஒரு நேரக் கஞ்சி. யாரும் வாயத் தொறக்க மாட்டாக. உலக்கைச் சத்தங்கூடக் கேக்கக் கூடாது."

"ஆத்தி! இது எப்பருந்து?"

"வருசா வருசம் இப்பிடித்தேன். போன வருசமும் செத்தாரு. அதுக்கு முந்துன வருசமும் செத்தாரு. அப்பறம் எந்திரிச்சிருவாரு."

அன்னக்கொடிக்கு மூச்சு வந்தது. "அப்ப மணி?"

"சாமி செத்துக் கெடக்கையில மணி எப்படி அடிக்கிறது? நேத்துக் காலையில கடேசியா வாரி அடிச்சாகள்ல, அதோட மணி ஊமை. அதுக்குப் பதிலாத்தேன் சூசை கட்டையத் தட்டிக்கிட்டுச் சுத்துறான். நாளைக்குக் காலையில சாமி எந்திரிச்சாத்தேன் மணி."

"காலையில எந்நேரத்துக்கு?"

"அதச் சொல்ல முடியாது. நெறையா வாசிப்பாக. வாசிச்சு முடிச்சாத்தேன் எந்திரிப்பாரு."

"சிஸ்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேங்க்கா. எங்க கேப்பை காயிது."

"கோயிலுக்குள்ள முட்டி போட்டுக்கிட்டு இருக்காக. இன்னைக்கு நான் போயிப் பேசுனா பாவமாப் போயிரும், ஆத்தா. நாளைக்குச் சொல்லுறேன்."

அன்னக்கொடி காட்டுக்குத் திரும்பி வந்து, வரப்பில் நின்ற புருசனிடமும் அண்ணனிடமும் அப்படியே சொன்னாள். நல்லகாமன் வரப்பில் குந்தி உட்கார்ந்தான். சூசை மேல் இருந்த கோபத்தை இனி எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான்.

"சாமி எப்படிடி சாகும்?" என்றான் கடைசியில்.

"எனக்கென்ன தெரியும்? நாளைக்கு எந்திரிச்சிருவாராம்."

"அவரு எந்திரிக்கிறதுக்குள்ள எங் கேப்பை செத்துரும்டி. அது எந்திரிக்காதுல்ல."

காளை குறுக்கே வந்தான். "இங்க பாரு மாப்ள. சூசை கட்டையோட சுத்துறான். சிஸ்டருக முட்டி போட்டுக்கிட்டு இருக்காக. கெணத்துல தண்ணி தளும்புது. மாட்டைப் பூட்டி எறைச்சு விடு. எவன் பாக்கப் போறான்?"

"சோணைக்கருப்பு பாக்கும்."

"கருப்பு நம்ம சாமிதான? நம்ம சாமி நம்ம பயிரு காயணும்னா நெனைக்கும்?"

"சூடத்தை அணைச்சுச் சொன்னேன் மச்சான். ஊரே பாத்துச்சு. மணி அடிக்காம பூட்ட மாட்டேன்னேன். காரணம் கேட்டா சொன்னேன்? சாமி செத்தா மட்டும் பூட்டுவேன்னா சொன்னேன்?"

"அப்ப திங்கக்கெழமை துணிமணியக் கட்டு" என்று காளை எழுந்து போனான். கோபத்தில் இல்லை. மலையில் தங்கச்சி பட்டதை அவனும் பார்த்தவன்தான். ஆனால் சோற்றுக்கு வழி வேண்டுமே.

வெள்ளிக்கிழமைக் காற்று மேற்கிலிருந்து அடித்தது. அடுப்பைத் திறந்தது போன்ற காற்று. மத்தியானத்துக்குள் காட்டின் மேல்கோடியில் இரண்டு பாத்தி தாளெல்லாம் திருகி, கதிர் தலை தொங்கிவிட்டது. அன்னக்கொடி ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தாள். பால் இருந்தது. கொஞ்சம்தான் இருந்தது.

அவள் வீட்டுக்குப் போய் இரண்டு குடத்தைக் கொண்டுவந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். கிணற்றுப் படியில் இறங்கினாள்.

"ஏய், என்ன செய்யுற?" என்றான் நல்லகாமன்.

"தண்ணி மோக்குறேன்."

"நான் சத்தியம் பண்ணிருக்கேன்டி!"

"நீதான பண்ணுன? நான் சூடத்தையே தொடலையே. மாட்டையும் பூட்டல, வடத்தையும் தொடல. குடிக்கிற தண்ணி இந்தக் கெணத்துலதான மோக்குறேன் நெதமும்? இன்னைக்குக் கேப்பைக்குத் தாகம்."

அவள் ஒரு குடம் இடுப்பில், ஒரு குடம் தலையில் ஏற்றி, எட்டுப் படி ஏறி, வரப்பில் நடந்து, மேல்கோடிப் பாத்தியில் தூருக்குத் தூராகச் சரித்தாள். மண் சுரீர் என்று குடித்தது. மறுபடி இறங்கினாள். அப்படி ஐந்து நடை போனாள். நல்லகாமன் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஆறாவது நடையில் அவள் கால் இடறி ஒரு குடம் உடைந்தது. சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தான். முழங்காலில் சிராய்ப்பு. அவள் அழவில்லை, உடைந்த குடத்தைத்தான் பார்த்தாள்.

"விட்டுரு, அன்னம்" என்றான் அவன்.

"விட்டுட்டு? அந்தச் சரிவுல போயி நிக்கவா? எம்பிள்ளைக்கு மேல தேயிலை நட்டுருப்பான்யா இந்நேரம். என்னால பாக்க முடியாது."

நல்லகாமன் அவளையும் கிணற்றையும் பார்த்தான். தன் சத்தியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பான் போல. பிறகு மேல்படிக்கு இரண்டடி தள்ளி, வரப்பில் வந்து நின்றான்.

"எறைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். கெணத்துப் பக்கம் நான் வரல. நீ மேல கொண்டாந்து வச்சிரு. சுமக்குறத நான் சுமக்குறேன்."

சோணைக்கருப்பு இதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாரோ தெரியாது. பொழுது சாயும்வரை அவள் மோந்து கொடுத்தாள், அவன் சுமந்து ஊற்றினான். மடத்துப் பக்கமிருந்து மூன்று மணி வாக்கில் ஒரு பாட்டு வந்தது. ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்து, பெண்பிள்ளைகள் குரலில். அன்னக்கொடி குடத்தோடு நின்று கேட்டாள்.

"உசுரு போயிருச்சு போல" என்றாள்.

"ம்" என்றான் நல்லகாமன். ஏனோ தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

இரண்டு பாத்தி நனைந்தது. காட்டில் முப்பத்தாறு பாத்தி. அதற்கு மேல் இரண்டு பேர் உடம்பிலும் தெம்பு இல்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே நல்லகாமன் மாட்டை வாரியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். சாலை இறக்கிவிட்டான். வடத்தைக் கையில் பிடித்துக்கொண்டான். முற்பகல் மடத்துப் பங்குதான், ஆனால் சூசைதான் இறைக்க வரவில்லையே; சத்தியத்திலும் மடத்து மணி என்றுதான் இருந்தது, உச்சி மணி என்று இல்லை. கிணற்றில் அவன் ஆயுசில் பார்க்காத உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, கையை நீட்டினால் எட்டும் போல.

வெயில் ஏறியது. மடத்துக் கோயிலுக்கு வெளியே சாமியார் நெருப்பு மூட்டுவது தெரிந்தது. எல்லாரும் வரிசையாக மெழுகுத்திரியோடு உள்ளே போனார்கள்.

"ஆரம்பிச்சுட்டாக" என்றாள் அன்னக்கொடி.

ஆரம்பித்தார்கள், முடிக்கத்தான் இல்லை. சாமியாரின் குரல் ராகமாக வாசித்துக்கொண்டே போனது. நிறுத்துவார், இவன் வடத்தை இறுக்குவான், மறுபடி வாசிப்பார். அன்னக்கொடி பாத்திக்கும் கிணற்றுக்கும் நடந்தபடி இருந்தாள். காளை வேப்பமரத்தில் சாய்ந்து சுருட்டுப் பிடித்தான்.

"எந்திரிக்கிறதுக்கு இம்புட்டு நேரமாய்யா?" என்றான் நல்லகாமன், யாரிடம் என்றில்லாமல். பிறகு அதட்டல் போய்க் கெஞ்சலாயிற்று. "ஏப்பா சாமி, எந்திரிப்பா. நாலஞ்சு தலைமுறையா நாங்க ஒன்னையக் கும்பிட்டவுக இல்ல, வாஸ்தவந்தான். ஆனா ஒன் தோட்டத்துக்குப் பக்கத்துக் காடு. எந்திரிச்சிரப்பா."

கீழ்த்திசையில் வெயில் ஒரு பனை உயரம் ஏறியிருக்கும். வாசிப்பு நின்றது. ஒரு பாட்டு மெதுவாகக் கிளம்பியது. திடீரென்று, மேலே பெரிய மணி.

மூன்று மூன்றாக அடிக்கிற அடி இல்லை. அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி தறிகெட்டு அடித்தது. உள்ளே சின்ன மணிகள் கலகலத்தன. முப்பது பெண்பிள்ளைகளும் இரண்டு நாள் அடக்கி வைத்திருந்த தொண்டையைத் திறந்தார்கள்.

"எந்திரிச்சிட்டாருடி!" என்று கத்தினான் நல்லகாமன். "அன்னம், எந்திரிச்சிட்டாருடி! மடையத் தொற!"

அவன் வடத்தை நுகத்தில் மாட்டினான். ஒரு அதட்டு. மாடுகள் சரிவில் இறங்கின. சால் தளும்பி மேலே வந்து, வாய் திறந்து, தொட்டியில் கொட்டியது. தண்ணீர் வாய்க்காலில் ஓடும் சத்தத்தைக் கேட்டு அன்னக்கொடி மண்வெட்டியோடு ஓடினாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே மடை திறந்தாள்.

நாற்பது சால் இறைத்திருப்பான். மடத்துப் பக்கமிருந்து சிஸ்டர் அமலோற்பவம் வேக வேகமாக வந்தார், பின்னால் சூசை மாட்டோடு வந்தான். சோணையம்மாள் சொல்லியிருக்க வேண்டும். சிஸ்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ரெண்டு நாளா எறைக்கலையா நீங்க?"

"மணி அடிக்கலையேம்மா."

"அட என் ஆண்டவரே! மணி அடிக்காதுன்னா, பங்கே கெடையாது, கெணறு முழுக்க ஒங்களுக்குன்னுல்ல நான் நெனச்சேன்! நாங்க மூணு நாளைக்குத் தோட்டத்துல கை வைக்க மாட்டோம். நல்லகாமனுக்கு நல்லதாப் போச்சுன்னு கோயில்ல உக்காந்துக்கிட்டு அதைக்கூட நெனச்சுக்கிட்டேன்."

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா."

"சொல்லணும்னே தோணலையே. பெரிய வாரத்துல மணி அடிக்காதுங்கிறது..." அவர் நிறுத்தினார். அது அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். வெயில் காலையில் கிழக்கே வரும் என்று யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? "தப்பு என்மேலதான். மணிய நடுவரா வச்சது நான். அது லீவு போடுற நாளைச் சொல்லாம விட்டதும் நான்."

அவர் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். மேல்கோடியில் ஒரு கதிரைப் பறித்து நகத்தால் கீறினார். அன்னக்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ரெண்டு பாத்தி எப்படிப் பச்சையா இருக்கு?"

"குடத்துல ஊத்துனோம்மா."

சிஸ்டர் அவள் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தார். அவள் தோளைத் தொட்டார். "பால் வத்தல. இன்னைக்குள்ள காடு பூரா நனைஞ்சா தப்பிச்சிரும்."

"ஒத்தக் கமலையில இன்னைக்குள்ள முடியுமாம்மா?"

அதற்குப் பதில் தெற்கு வாரியிலிருந்து வந்தது. சூசை தன் மாட்டைப் பூட்டிவிட்டான். முதல் சால் ஏற்றிக் கொட்டினான். பிறகு இறங்கி வந்து, மடத்துத் தோட்டத்துக்குப் போகிற மடையில் நாலு மண்வெட்டி மண் போட்டு அடைத்து, நல்லகாமன் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டான். நல்லகாமன் பார்த்துக்கொண்டே நின்றான். சூசை நிமிர்ந்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"என்ன பாக்குற?" என்றான் சூசை. "மாட்டை ஓட்டு. தண்ணி நிக்குதுல்ல."

"நீ கட்டையத் தட்டுனது என்னையக் கேலி பண்றதுக்குன்னு நெனச்சேன்டா."

"நீ எறைக்காம நின்னது சோம்பேறித்தனம்னு நெனச்சேன். ஓட்டுய்யா."

இரண்டு வாரியிலும் மாடுகள் ஏறி இறங்கின. ஒன்று மேலே வரும்போது ஒன்று கீழே போனது. காளையும் சுருட்டை அணைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். மத்தியானம் மணி மூன்று மூன்றாக அடித்தபோது யாரும் மாட்டை அவிழ்க்கவில்லை. மடத்துப் பிள்ளைகள் ஒரு பானை நிறையத் தேங்காய்ச் சோறு கொண்டுவந்தார்கள். நாற்பது நாள் நோன்பு அன்றைக்கு உச்சியோடு முடிந்ததாம். பொழுது இறங்குவதற்குள் முப்பத்தாறு பாத்தியும் நனைந்து, காடு முழுக்க ஈரமண் வாசம் அடித்தது. சுருண்ட தாள் மெல்ல விரிவதை அன்னக்கொடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வீட்டுக்குப் போகவே அவளுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காளை தனியாகத்தான் மலைக்குப் போனான். போகும்போது தங்கச்சி அவன் கையில் ஒரு பிடி காட்டு மண்ணைத் துணியில் முடிந்து கொடுத்தாள். "அந்தச் சரிவுல போட்டுருண்ணே" என்றாள். அவன் அதை மடியில் செருகிக்கொண்டான்.

சித்திரையில் கேப்பை அறுத்தார்கள். மேல்கோடியில் கொஞ்சம் பொக்கு விழுந்தது, மற்றதெல்லாம் திரட்சி. ஆடிவரைக்கும் களிக்கும் கூழுக்கும் கவலையில்லை.

அறுப்பு முடிந்த வெள்ளிக்கிழமை நல்லகாமன் மறுபடியும் ஊரைக் கூட்டிக்கொண்டு சோணைக்கருப்பு வாசலுக்குப் போனான். இந்தத் தடவை சூசையும் வந்து, கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்லகாமன் சூடம் ஏற்றினான்.

"கருப்பா, மணி அடிக்காம மாட்டைப் பூட்ட மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா அவுக சாமி செத்துக் கெடக்குற நாளு மட்டும் அதுல சேத்தி இல்ல. நல்லா கேட்டுக்க."

கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாகப் பல்லி சொல்லியது என்று ஊரில் சொல்வார்கள். நான் அதற்குப் பொறுப்பில்லை.

அடுத்த வருசம் தை பிறந்ததும், நாற்றுப் பாவுவதற்கு முன்னால் நல்லகாமன் மடத்து வாசலில் போய் நின்றான். சிஸ்டர் அமலோற்பவம் வெளியே வந்தார்.

"என்ன நல்லகாமன்?"

"ஒண்ணுமில்லம்மா. இந்த வருசம் ஒங்க சாமி எப்பச் சாகுறாரு?"

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பஞ்சாங்கம் மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். "போன வருசத்தவிட ஒரு வாரம் முந்தி வருது. எதுக்குக் கேக்குறீங்க?"

நல்லகாமன் விரலை மடக்கி மடக்கி எண்ணினான். முகம் மலர்ந்தது.

"அப்ப வெரசா நட்டுரணும்மா. அவரு சாகயில கேப்பை பால் பிடிக்கிற பதத்துல நிக்கணும். மூணு நாளும் கெணறு முழுக்க நம்முதாச்சே."